இது எந்த மாசத்துப் படம்?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்கள் சிலர் என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: "டீச்சர், புவியியல் நடத்த எந்த வெப்சைட் நல்லா இருக்கும்?" ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். மழை மேகம் நகர்வதை நகர நகரக் காட்டும் தளம் இருக்கிறது. நில அதிர்வை அன்றன்றைக்கே குறிக்கும் தளம் இருக்கிறது. நம்முடைய ஊரை ஆகாயத்திலிருந்து பார்க்கும் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளியில் இருந்தது சுருட்டி வைத்த ஒரே ஒரு துணி வரைபடம். அதிலும் ஆப்பிரிக்காவின் மேற்குப் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஆகவே இந்த வசதிகளைக் குறை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியதில் நான் செய்த தவறுகள் நிறைய. பெரும்பாலானவற்றை நினைத்தால் சிரிப்பு வரும். இதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது நடந்தது. பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பாளையம்பட்டியில் என் வீடு. தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் திரும்பி வருவேன். அந்த ஊரில் என்ன விளைகிறது என்று என்னைக் கேட்டால் பாடப் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லியிருப்பேன். பஸ் நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட சாலையைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஊருக்கு ஒரே கண்மாய். வடக்கே இருந்து ஓர் ஓடை வந்துதான் அதை நிரப்ப வேண்டும். இரண்டு வருடமாகக் கண்மாய் நிரம்பவில்லை. பத்தாம் வகுப்புக்கு நீர்வளம் பற்றிய பாடம் வந்தபோது, எங்கேயோ உள்ள அணையைக் காட்டுவதைவிட இந்தக் கண்மாயையே காட்டினால் என்ன என்று தோன்றியது. யோசனை நல்ல யோசனைதான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கணினி ஆய்வகத்தில் திரையைப் போட்டு, செயற்கைக்கோள் படத்தில் ஊரைப் பெரிதாக்கினேன். பிள்ளைகள் கத்திய கத்தலில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், அந்தா எங்க வீட்டு ஆட்டுக் கொட்டகை!" "ஏலே, அது ஒங்க வீடு இல்லடா, ரேசன் கடை!" எனக்கும் தலைகால் புரியவில்லை. ஓடையை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தேன். பிறகு அதே இடத்தின் பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். பழைய படத்தில் ஓடை ஒரே கோடாகக் கண்மாய் வரை வந்தது. புதிய படத்தில் ஓரிடத்தில் கோடு நின்றுவிட்டது. அங்கே முழுக்கப் பச்சை, பயிர். கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி கோடு தொடங்கியது.

"ஓடை எங்கே போச்சு?" என்று கேட்டேன். கேட்டபோது எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்னால் இருந்து ஒரு பையன் சொன்னான்: "அது செல்வராணி வீட்டுக் காடு, டீச்சர்." மழையை நம்பி விதைக்கும் நிலத்தை அந்தப் பக்கம் காடு என்பார்கள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் வீடு பேச்சில் வந்ததுமே படத்தை மாற்றியிருக்க வேண்டும். நான் சிவப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, படம் விழுந்த வெள்ளைப் போர்டிலேயே அந்தப் பச்சையைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினேன்.

செல்வராணி எழுந்து நின்றாள். வகுப்பில் இந்திய வரைபடத்தை எதையும் பார்க்காமல் கையாலேயே வரையக் கூடிய ஒரே பிள்ளை அவள். "இல்ல டீச்சர், எங்கப்பா ஓடைய மூடல. அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"படம் பொய் சொல்லுமா? உட்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். மணி அடித்தது. பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறி எவனோ ஒருவன் திரையைப் படம் பிடித்திருக்கிறான். என் கையெழுத்தோடு அந்தச் சிவப்பு வட்டம் அன்று சாயங்காலமே ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற அந்த ஊர்க்காரர்கள் வரைக்கும் பார்த்துவிட்டார்கள். இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் செல்வராணி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காவது நாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் கேட்டேன். "ஊர்க்கூட்டம் போட்டு அவ அப்பாவ வஞ்சுட்டாக டீச்சர். தாலுகா ஆபீஸுல மனுக் குடுக்கப் போறாகளாம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வராணியின் அப்பா காளிமுத்து மம்பட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். அவருடைய அப்பா காலத்தில் கூலிக்குப் போன குடும்பம். பிறகு கொஞ்சம் நிலம் வாங்கிப் பருத்தி போடுகிறார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். "வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த ஓடை உங்க காட்டுக்குள்ள இருக்கா, தம்பி?" என்று கேட்டேன்.

"காட்டை ஒட்டிப் போகுது டீச்சர். தை மாசம் தண்ணி வத்துனதும் அந்த ஈரத்துல தட்டாம்பயறும் வெள்ளரியும் நாங்க போட்டுக்கிறலாம். அதுக்குப் பதிலா புரட்டாசி பொறக்கதுக்குள்ள முள்ளு வெட்டி, மண்ணு அள்ளி, ஓடையச் சுத்தமா ஊருக்கு விட்ரணும். எங்கய்யா காலத்துல ஊரு எங்க வீட்டுக்குக் குடுத்த மொறை. இன்னைக்கு வரைக்கும் ஒரு நா பிந்துனதில்ல."

"இது ஊர்ல எல்லாருக்கும் தெரியும்ல?"

"பெரியாளுகளுக்குத் தெரியும். ஆனா ரெண்டு வருசமா கம்மா பெருகல டீச்சர். யாரு மேலயாச்சும் கோவப்படணும்ல. நீங்க வேற வட்டம் போட்டுக் குடுத்துட்டீக." பிறகு சொன்னார்: "ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்ல டீச்சர்? ஸ்கூலுக்கும் ஓடைக்கும் கூப்பிடு தூரந்தான."

செல்வராணி உள்ளேயிருந்து வாசல்படிக்கு வந்து நின்றாள். பள்ளிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "நான் வரல டீச்சர். திங்கக்கெழம சித்தி கூட மில்லுக்குப் போறேன். வேன்காரர்ட்டச் சொல்லியாச்சு."

"பரீட்சை எழுத வேண்டாமா?"

"எங்கப்பாவக் கள்ளன்னு எழுதுன போர்டு முன்னாடி என்னால ஒக்கார முடியாது."

காளிமுத்து அவளை அதட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதைப் பார்த்த கண்டக்டர், டிக்கெட் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை காலையில் தலைமை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர்தான். "விட்ருங்க டீச்சர். ஊர் விவகாரம். நீங்க போய்த் தப்புன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஸ்கூல்ல நடத்துற பாடம் எல்லாமே தப்பும்பாங்க. ரெண்டு வருசத்தை நிம்மதியா ஓட்டுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆசிரியர் தவறு செய்தேன் என்று சொன்னால் அதோடு மரியாதை போய்விடும் என்று நானும் அதுவரை நம்பியிருந்தேன்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவள் கணக்கு டீச்சர். என்னைவிட இருபது வயது இளையவள். அவளைக் கூப்பிட்டு அந்தப் படத்தை மறுபடி திறக்கச் சொன்னேன். திறந்ததும் அவள் விரல் நேராகத் திரையின் கீழ் ஓரத்துக்குப் போனது. "டீச்சர், இங்க தேதி போட்ருக்கே. புதுப் படம் மார்ச்சுல எடுத்தது. பழசு செப்டம்பர்."

எழுத்து எறும்பு அளவு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். செப்டம்பர் என்றால் காளிமுத்து ஓடையைச் சுத்தம் செய்துவிட்ட சமயம். மார்ச் என்றால் வெள்ளரியும் தட்டாம்பயறும் படர்ந்து கிடக்கிற சமயம், பக்கத்திலே பருத்தியும் பச்சையாக நிற்கும். இரண்டு வருடங்களை ஒப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதங்களை ஒப்பிட்டிருக்கிறேன்.

சில நாட்களுக்கு ஒரு முறை புதுப் படம் வருகிற வேறொரு தளத்தை அவள் திறந்தாள். படம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் மாதம் மாதமாகத் தள்ளிப் பார்க்கலாம். அந்த ஓடைக் கீற்று ஒரு மாதம் வெறும் மண், ஒரு மாதம் கறுப்பு ஈரம், பிறகு பச்சை, மறுபடி மண் என்று ஒவ்வொரு வருடமும் தவறாமல் மாறிக்கொண்டே வந்தது. மூன்று நிமிட வேலை. பாடத்துக்கு முன்னால் அந்த மூன்று நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஓடையின் தலைப்பகுதியில், பெரிய வீட்டு ராமசாமியின் நிலத்தை ஒட்டி, எல்லா மாதத்திலும் அந்தக் கீற்று ஒல்லியாகவே இருந்தது. அது அவர் நிலம் என்றும், ஊர்க்கூட்டத்தில் காளிமுத்துவை முதலில் குற்றம் சொன்னவர் அவர்தான் என்றும் அவள்தான் சொன்னாள். கணக்கு டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "இதப் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க டீச்சர். அவுக வாயே தொறக்க மாட்டாக."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, என் கை பிரிண்டர் பொத்தான் வரை போய்விட்டது. ஒரு பிள்ளையின் அப்பா மேல் நான் போட்ட வட்டத்தை எடுத்து வேறொருவர் மேல் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. ஆனால் அந்த நிலத்தையும் நான் நேரில் பார்த்ததில்லை. அங்கே என்ன முறை இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. "வேண்டாம்மா, மூடிரு" என்று சொல்லிவிட்டு, விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து நீளமான அளவு டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்மாய்க் கரைப் பிள்ளையார் கோவில் முன்னால், மனுவில் கையெழுத்து வாங்கக் கூடியிருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் ஓரமாக நின்றார்கள். ராமசாமி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "டீச்சரே வந்துட்டாக. நீங்கதான போர்டுல போட்டுக் காட்டுனீக? இவுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் உட்காரவில்லை. "நான் போட்டது தப்பு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ராமசாமி, "அப்ப கம்ப்யூட்டரு பொய் சொல்லுதுங்கிறீகளா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லலங்கய்யா. மார்ச் மாசம் எடுத்த படம்னு அதுலயே எழுதியிருக்கு. நான்தான் படிக்கல. இந்த ஊரு மொறையும் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிள்ளை எந்திரிச்சுச் சொல்ல வந்துச்சு, அதையும் நான் சொல்ல விடல. காளிமுத்து மேல எந்தத் தப்பும் இல்ல. தப்புப் பண்ணுனது நான்."

பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். பெரியவர்கள் சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். காளிமுத்து வீட்டு ஓடை முறை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபமாக இருந்தது, ஆனால் கோபப்படும் தகுதி அன்று எனக்கு இல்லை. "என் பேச்சை நம்ப வேணாம், இன்னொரு தடவையும் நம்பி ஏமாற வேணாம். எல்லாரும் ஓடைல எறங்கி நடப்போம். பிள்ளைக அளக்கட்டும்" என்றேன்.

முதலில் இறங்கியது பிள்ளைகள்தான். பெரியவர்கள் பின்னால் வந்தார்கள். கண்மாய் வாயிலிருந்து வடக்கே நடந்து, அங்கங்கே நின்று, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் டேப் பிடித்து அகலத்தை நோட்டில் எழுதினோம். காளிமுத்துவின் காட்டுப் பக்கம் வந்தபோது ஓடைக்குள் காய்ந்த வெள்ளரிக் கொடி கிடந்தது. இரண்டு கரையும் உடையாமல் நின்றன. அகலம் கண்மாய் வாயில் இருந்த அதே அகலம். கரைமேல் காளிமுத்துவும் செல்வராணியும் நின்றார்கள். அவள் கீழே இறங்கவில்லை. டேப் பிடித்த பையன் எண்ணை வாசித்ததை மட்டும் கேட்டாள்.

இன்னும் மேலே போனோம். ராமசாமியின் நிலத்துக்குப் பக்கத்தில் டேப் பாதி தூரத்திலேயே கரையைத் தொட்டுவிட்டது. பையன் வாசிக்காமல் என்னைப் பார்த்தான். நான் போட்ட வட்டத்தைப் போட்டோ எடுத்தவன் அவன்தான் என்று எனக்கு அப்போது சந்தேகம். "இருக்கிறதப் படி" என்றேன். படித்தான். ராமசாமி கரையைப் பார்த்தபடியே நின்றார். "முள்ளு மண்டிப் போச்சு. ஆளு விட்டு வெட்டச் சொல்றேன்" என்றார். மனுத்தாள் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை. பிறகு வெட்டினாரா என்றால், பாதி வெட்டினார்.

ஓடை முறை பழையபடி காளிமுத்து வீட்டுக்கே என்று திரும்பி வரும் வழியில் பெரியவர்கள் சொன்னார்கள். அவர் "சரி" என்றார்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் என் கண் முழுக்க வாசலில்தான் இருந்தது. மில் வேன் ஊருக்குள் வந்து போன சத்தமும் கேட்டது. முதல் மணி அடித்தது. நான் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்த பிறகு அவள் வந்தாள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, குனிந்து பதிவேட்டில் எதையோ தேடுவது போல இருந்தேன்.

அந்த வாரமே மறுபடி ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். அதே படத்தைப் போட்டு, நான் எங்கே தவறினேன் என்று முதலிலிருந்து நடத்தினேன். பிறகு ராஜஸ்தான் பாலைவனப் படம் ஒன்றைத் திறந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், இது எந்த மாசத்துப் படம்?"

அதில் மரியாதைக் குறைவு இல்லை, சிநேகமும் இல்லை. தேதியைப் படித்துச் சொன்னேன். அந்த வருடம் முழுக்க நான் எந்தப் படம் போட்டாலும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள். தை மாதம் வருவதற்குள் மொத்த வகுப்பும் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவள் பரீட்சை எழுதினாள், தேறினாள், திருச்சுழியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சான்றிதழ் வாங்க வந்த அன்று, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

நீங்கள் கேட்ட பட்டியலைத் தனியாக அனுப்புகிறேன். ஒவ்வொரு தளத்திலும் தேதி எந்த மூலையில் இருக்கும் என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். உள்ளூர்ப் படத்தைக் காட்டுங்கள், கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அதற்கு முந்தின நாள் அந்த இடத்துக்கு நடந்து போய் வாருங்கள். படத்தில் ஒரு பிள்ளையின் வீடோ நிலமோ இருந்தால், அந்தப் பிள்ளை பேசி முடிக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒரு முறை, பங்குனியில், அந்த ஓடையைத் திரையில் பார்க்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது. பருத்திக் காடு பச்சையாக இருக்கிறது. அதை ஒட்டி ஓடைக் கீற்று பழுப்பாக, வெறும் மண்ணாகக் கிடக்கிறது. அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். இந்தத் தடவை படத்தை மட்டும் நம்பாமல் நேரில் போனேன்.

ஓடை சுத்தமாக இருந்தது. புரட்டாசிக்கு முன்னால் காளிமுத்து தவறாமல் முள் வெட்டி மண் அள்ளிவிடுகிறார். ஆனால் தையில் விதைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். "ஊரே விட்டுக் குடுத்த பெறகு ஏன் தம்பி போடல?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவ யாரு எந்த மாசம் படம் எடுப்பாகளோ, டீச்சர்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் வந்திருக்கிறேன் என்று வீட்டுக்குக் கூட்டிப் போய் வெள்ளரிக்காய் நறுக்கி உப்புத் தூவித் தந்தார். அருப்புக்கோட்டைச் சந்தையில் வாங்கியதாம்.